அடுத்தவர் மேல் கொசு அடிப்பவர்

கொசுவுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. கொசுவைப் பொருட்படுத்தாதவர்கள் உண்டு. இத்தனை பேர் இருக்க என்னை மட்டும் தேடி வந்து கடிக்கிறதே என்று அதிலும் ஒரு பெருமையைக் கண்டுபிடிக்கிறவர்களும் உண்டு. இவர்கள் யார் மேலும் எனக்குப் புகார் இல்லை. நான் சொல்ல வந்தது வேறோர் இனம். இந்த இனத்தார் தங்கள் மேல் உட்காரும் கொசுவை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். கவனமெல்லாம் உங்கள் மேல் உட்காரும் கொசு மேல்தான். உங்கள் கன்னம், உங்கள் பிடரி, உங்கள் முதுகு, செருப்பு மாட்டக் குனிந்தால் இன்னும் கொஞ்சம் கீழே. அடிப்பது அவர்கள் பொறுப்பு. வாங்கிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

வீட்டுக்குள் இவர்களை அடையாளம் காண முடியாது. ஜன்னலில் வலை, தலைக்கு மேல் மின்விசிறி, கையில் செய்தித்தாள் என்று சாதுவாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். விடுமுறைக்கு வெளியே அழைத்துப் போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு நீர்நிலை, கொஞ்சம் புல், பொழுது சாயும் நேரம், வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு தேநீர். இவ்வளவு போதும். அவருடைய பேச்சு குறையும். கழுத்து மெல்ல முன்னால் நீளும். கண் உங்கள் முகத்தில் இருக்கும், ஆனால் உங்களைப் பார்க்காது. நீங்கள் உங்கள் மகள் வாங்கிய வீட்டைப் பற்றியோ மூத்திரக் கடுப்பைப் பற்றியோ மனம் விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எவ்வளவு கூர்ந்து கேட்கிறார் என்று நெகிழ்ந்துகூடப் போவீர்கள். அப்போது அவர் குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

"அசையாதீங்க."

பாம்போ, தேளோ, காலடியில் பள்ளமோ என்று உங்களுக்கு மூச்சு நின்றுவிடும். அந்த ஒரு நொடிதான் அவருக்கு வேண்டும். பளார்!

அடியின் பலம் கொசுவின் எடையைப் பொறுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது உங்கள் பதவியைப் பொறுத்தது. மேலதிகாரியின் கன்னத்தில் உட்கார்ந்த கொசுவுக்கு ஆயுசு கெட்டி. அதை வாயால் ஊதி, விரலால் விசிறி, மரியாதையாக வழியனுப்பி வைப்பார்கள். சக ஊழியர் என்றால் தட்டு. மைத்துனன் என்றால் அடி. மனைவி என்றால் பக்கத்து மரத்துக் காக்கை பறந்து போகும்.

அடித்த பிறகு சடங்கு ஒன்று இருக்கிறது. உள்ளங்கையை விரித்து உங்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். அதில் ஒரு கறுப்புப் புள்ளியும் ஒரு சிவப்புத் தீற்றலும் இருக்கும். "எவ்வளவு குடிச்சிருக்கு பாருங்க! உங்க ரத்தம்தான்!" என்பார்கள், ஏதோ தொலைந்துபோன பொருளை மீட்டுக் கொடுத்த மாதிரி. அப்புறம் அதை உங்கள் சட்டையிலேயே துடைப்பார்கள். உங்கள் ரத்தம்தானே! நீங்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டே நன்றி சொல்ல வேண்டும். கொசு தப்பித்துவிட்டால்? அப்போதும் குற்றம் உங்களுடையதுதான். "அசையாதீங்கன்னு சொன்னேனே!"

இவர்களுக்கு நெருங்கிய சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். கேட்காமலே உங்கள் காதுக்குப் பின்னால் கொசு எண்ணெய் தடவுகிறவர் ஒன்றுவிட்ட தம்பி முறை. கொசுவை விரட்டுகிறேன் என்று ஈரச் சருகைக் கொளுத்திக் கூட்டத்தையே விரட்டுகிறவர் பெரியப்பா முறை. ஆனால் கை வைப்பதில் இவரை யாரும் மிஞ்ச முடியாது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மாலை முடிந்து எல்லாரும் உள்ளே வந்ததும் யார் உடம்பில் தடிப்பு அதிகம் என்று பாருங்கள். அவர் உடம்பில்தான். கணுக்காலிலிருந்து முட்டிவரை மணி மணியாக வீங்கியிருக்கும். எப்படி இல்லாமல் போகும்? கண் இரண்டும் அடுத்தவர் மேல் குடியிருக்க, அவர் உடம்புக்குக் காவல் யார்?

சரி, பொதுவாகப் பேசியது போதும். முழு வளர்ச்சி அடைந்த உருப்படி ஒன்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் தம்பி. தபால் நிலையத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை கடிதங்களின் மேல் முத்திரை குத்தியவன். அந்தக் கை ஓய்வு பெறவில்லை. வெள்ளையாக எதையாவது கண்டு, அதன் மேல் கறுப்பாக ஒரு புள்ளியையும் கண்டால் தானாகவே மேலே போய்விடும். இவனோடுதான் நாங்கள் ஏரிக்கரைக்கு விடுமுறைக்குப் போனோம். நானும் எங்கள் வீட்டுக்காரரும் இவனும் இவன் மனைவியும். வாடகைக்கு ஒரு மரவீடு. முன்னால் புல்தரை, அதற்கு அப்பால் நாணல், அதற்கு அப்பால் தண்ணீர். கொசுவே பார்த்துக் கட்டியது போல இருந்தது.

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தையற்காரர். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, வேண்டிய அளவுக்கு மேலேயே திரும்பிவிட்டது. கால் ஊன்றுகோலின் தயவில் நடக்கிறது. இடது கை மட்டும் மடியில் கிடக்கிறது, யாரோ கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ள மறந்த பொட்டலம் மாதிரி. ஊராருக்கெல்லாம் பொத்தான் தைத்துக் கொடுத்த மனிதருக்குத் தினமும் காலையில் நான் பொத்தான் போட்டுவிடுகிறேன். அவருக்கு அதுதான் பக்கவாதத்தைவிடப் பெரிய வியாதி.

உடற்பயிற்சி சொல்லித் தர வரும் பெண் நல்ல பெண், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். நாங்கள் ஏரிக்கரைக்குக் கிளம்புவதற்கு முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "கையில கொஞ்சமாவது உணர்ச்சி இருந்தா அதை விடக்கூடாதும்மா, தொடர்ந்து வேலை வாங்கணும். சுத்தமா இல்லேன்னா கையை விட்டுட்டு ஒத்தைக் கையால எல்லாம் செய்யப் பழக்கிடலாம். நீங்க ஊருக்குப் போயிட்டு வாங்க. வந்ததும் முடிவு பண்ணலாம்."

சோதித்துப் பார்க்க எனக்குத் தெரியாதா? நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கென்று பயிற்சி எடுத்து, எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரைத் திருப்பிப் படுக்க வைத்தவள் நான். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொடுவேன், குளிர்ந்த கரண்டியை வைப்பேன், குண்டூசியின் தலையால் அழுத்துவேன். ஒரே ஒரு சிக்கல். எங்கள் வீட்டுக்காரர் பொய் சொல்வார்.

"தெரியுதா?"

"ம், தெரியுது. பஞ்சு."

"நான் இன்னும் தொடவே இல்லை."

"தொடப் போறேல்ல? அது தெரியுது."

என்ன செய்வது? கல்யாணமான நாளிலிருந்து நான் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லித் தப்பித்துப் பழகிவிட்டார். என்னைச் சந்தோஷப்படுத்த அவர் சொல்லும் பொய் அவர் கையையே காவு வாங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சரி என்றார்.

முதல் நாள் மாலை புல்தரையில் நாற்காலிகளைப் போட்டோம். கொசு விஷயத்தில் நான் அலட்சியக்காரி இல்லை. எல்லாருக்கும் முழுக்கைச் சட்டை, வெளிர் நிறம், காலுறை. திறந்து கிடக்கும் இடத்தில் எண்ணெய். வாசலில் வாளி, தொட்டி எதிலும் தண்ணீர் நிற்கக்கூடாது. எல்லாவற்றையும்விட மேலாக ஒரு மேசை மின்விசிறி, நீளமான வயரோடு. அடிக்கிற காற்றில் கொசுவால் நிலையாக உட்கார முடியாது, அவ்வளவுதான் ரகசியம். இதைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். காற்றாடி போட்டு விரட்டுவதில் வீரம் ஏது? பளார் என்று சத்தம் வேண்டாமா?

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மின்விசிறி தலையைத் திருப்பித் திருப்பி எல்லாரையும் விசாரித்துக்கொண்டிருந்தது. அது அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து ஒரு கொசு வந்து வீட்டுக்காரரின் இடது புறங்கையில் உட்கார்ந்தது. அவர் வலது பக்கம் திரும்பி என் தம்பி மனைவியிடம் ஏதோ சட்டைக் காலர் விஷயம் சொல்லிக்கொண்டிருந்தார். கொசுவை அவர் பார்க்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதைவிட நேர்மையான சோதனை உண்டா? கொசு "தெரியுதா" என்று கேட்காது. அவரும் "தெரியுது" என்று பொய் சொல்ல முடியாது. கடித்துவிட்டுப் போகட்டும். கடிக்கும்போது நல்ல உடம்புக்காரனுக்கே தெரியாது. பிறகு அரிக்கும் பாருங்கள், அந்த அரிப்புத்தான் சாட்சி. அரித்தால் வலது கை தானாகச் சொறியப் போகும். போனால் உணர்ச்சி இருக்கிறது. போகாவிட்டால்... சரி, அதையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

பளார்!

"போட்டேன் பாருங்க அத்தான்! கை மேலயே உக்காந்திருக்கு, நீங்க என்னடான்னா காலர் பேசிட்டு இருக்கீங்க!"

அடித்த அடியில் அவர் தோள்பட்டை வரைக்கும் குலுங்கியது. "என்ன மச்சான், இடியா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். தோள் குலுங்கியதால் தெரிந்ததா, சத்தத்தில் தெரிந்ததா, கையிலே தெரிந்ததா என்று கடவுளுக்கே வெளிச்சம். சாட்சி செத்துத் தம்பியின் உள்ளங்கையில் கிடந்தது.

"அந்தக் கையை இவ்வளவு ஓங்கியா அடிப்பே?" என்று கேட்டேன்.

"அதுலதான் உணர்ச்சி இல்லையேக்கா, வலிக்காதேன்னுதான் நல்லா போட்டேன்" என்றான்.

இந்த நியாயம் வேறு எந்த இனத்துக்காவது தோன்றுமா?

மறுநாள் காலையில் வாசலில் இருந்த காவலாளியிடம் இந்தப் பக்கம் காய்ச்சல் கீய்ச்சல் ஏதாவது உண்டா என்று விசாரித்தேன். இல்லை என்றான். சரி, கொசுவுக்கு ஒரே ஒரு கடி அனுமதி. அன்று மாலை அவருக்கு எண்ணெய் தடவும்போது இடது கையை விட்டுவிட்டேன். வாழ்நாளெல்லாம் நோயாளிகளை ஈ எறும்பு அண்டாமல் பார்த்துக்கொண்ட நான் ஒரு கொசுவுக்கு இலை போட்டுக் காத்திருந்தேன்.

தம்பி வந்தான். மோப்பம் பிடித்தான். "அக்கா, அத்தானுக்கு இந்தக் கைல எண்ணெய் தடவலையே? பாவம், அவரால அடிச்சுக்கக்கூட முடியாது" என்று முழங்கை வரை வழிய வழியத் தடவினான். நான் தேநீர் சிந்திவிட்டது என்று ஒரு சாக்குச் சொல்லி, ஈரத்துண்டால் அதைத் துடைத்தேன். அவன் மறுபடி தடவினான். நான் மறுபடி சிந்தினேன்.

"என்னாச்சு இன்னைக்கு உனக்கு, கை நடுங்குதா?" என்றார் வீட்டுக்காரர் கவலையோடு.

ஒரு வழியாகக் கை சுத்தமானது. மின்விசிறியையும் கொஞ்சம் திருப்பி வைத்தேன். கொசுக்கள் வந்தன, தம்பி கையும் வந்தது. ஒவ்வொன்றும் கால் ஊன்றி, முட்டி மடக்கி, மூக்கை இறக்கும் நேரத்தில் முத்திரை விழுந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கத்து ஏரியில் பிறந்த கொசுக்களின் குடும்பங்களில் அன்று எத்தனை இழவோ! ஒன்றுகூடக் கடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரரின் கை மட்டும் சிவந்து போனது.

பொறுக்க முடியாமல் அவனைத் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு அத்தான் மேல் உயிர். கண் கலங்கிவிட்டது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கக்கூடாதாக்கா? சத்தியமா இனிமே அந்தக் கைப் பக்கமே என் கை போகாது. கொசு என்ன, குதிரையே வந்து உக்காந்தாலும் பேசாம இருப்பேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தோம். அவன் இரண்டு கையையும் முட்டிக்கு அடியில் செருகிக்கொண்டான். நல்ல பிள்ளை. கொசு ஒன்று வந்தது. இடது கையில் உட்கார்ந்தது. அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான், எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது போல. தலையாட்டிக்கொண்டே இருந்தான். பளார்!

மூன்று பேரும் அவனைப் பார்த்தோம். அவன் தன் கையைப் பார்த்தான்.

"நான் அடிக்கலக்கா," என்றான் அழாக்குறையாக. "கை அடிச்சிருச்சு."

அவனைத் திட்டிப் பிரயோசனமில்லை என்று எனக்குப் புரிந்தது. இவர்களிடம் கெட்ட எண்ணம் ஏதாவது இருந்தால் திருத்திவிடலாம். நல்ல எண்ணத்தை என்ன செய்வது?

மறுநாள்தான் கடைசி மாலை. அதற்கு அடுத்த காலை ஊருக்குக் கிளம்ப வேண்டும், போனால் அந்தப் பெண் வந்து கையைப் பற்றி முடிவு சொல்லிவிடுவாள். தம்பி மனைவியிடமும் விஷயத்தைச் சொல்லி, அவனை எதற்காவது கடைக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். இத்தனை வருஷம் அந்தக் கையின் கீழ் குடும்பம் நடத்தி, கோடைகாலத்திலும் முதுகில் தடிமனான சால்வையைப் போட்டுக்கொண்டு திரியும் புத்திசாலி அவள்.

"கடைக்கு அனுப்பினா பாதி வழியில திரும்பி வந்துடுவாரு அண்ணி. அத்தானைக் கொசு கடிக்குமேன்னு. என்கிட்ட விடுங்க."

அன்று மாலை அவள் செய்தது இவ்வளவுதான். நாற்காலியைக் கணவன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அவன் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், முத்திரைக் கட்டை சிறைப்பட்டது.

தம்பி மிரண்டுவிட்டான். "என்ன?" என்றான்.

"சும்மா."

"உடம்பு சரியில்லையா?"

"ஏன், புருஷன் கையைப் பிடிக்கணும்னா காய்ச்சல் வரணுமா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். காது மடல் சிவந்தது. பக்கத்து மரவீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களோ என்று வெட்கப்பட்டான். ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை, கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தான். எங்கள் வீட்டுக்காரர் என்னை ஜாடையாகப் பார்த்து, "பாத்தியா, ஏரிக் காத்து" என்றார்.

நான் மின்விசிறியை நிறுத்தினேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு கதையை ஆரம்பித்தார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கால்சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு, அளவெடுத்த அன்று மட்டும் வயிற்றை எக்கிக்கொண்டு நின்ற கதை. கால்சட்டை தைத்து முடிந்தபோது வயிறு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. வாத்தியார் கடைக்கு வந்து சண்டை போட்டார். நாங்கள் பல தடவை கேட்ட கதைதான். அவர் முகமும் வலது கையும் முழு மும்முரத்தில் வாத்தியாராக மாறியிருந்தன. இடது கை மடியில் கிடந்தது.

அப்போது வந்தது. சிறிய உருப்படிதான். சுண்டு விரலுக்குக் கீழே, புறங்கையின் ஓரத்தில் இறங்கியது. இங்கும் அங்கும் நடந்து இடம் பார்த்தது. வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு யோசிக்க மாட்டார்கள். பிறகு குனிந்தது.

தம்பி பார்த்துவிட்டான். கழுத்து நீண்டது. கண் பிதுங்கியது. அவன் மனைவியின் விரல்கள் வெளுத்துப் போகும் அளவுக்கு அவன் வலது கை முறுக்கியது. அவள் விடவில்லை. அவன் இடது கை மெல்ல எழுந்தது. அதை நான் பிடித்தேன். எண்பது கிலோ நோயாளியைத் தனியாகத் தூக்கி உட்கார வைத்த கை இது, தபால்காரனையா விடும்? இரண்டு பெண்களுக்கு நடுவே அவன் நாற்காலியோடு நடுங்கிக்கொண்டிருந்தான். வாய் மட்டும்தான் சுதந்திரமாக இருந்தது. அதையும் உதட்டைக் கடித்து அவனே மூடிக்கொண்டான். பாராட்ட வேண்டிய விஷயம்.

கொசு அவசரப்படவில்லை. வயிறு சிவந்து உப்பும்வரை குடித்தது. "அதுல பாரு, வாத்தியார் சொல்றாரு, என் வயித்து அளவு மாறவே மாறாதுன்னு" என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாரம் தாங்காமல் தள்ளாடிப் பறந்து நாணலுக்குள் போய்விட்டது.

இனி என்ன? காத்திருப்பதுதான். நான் வாழ்க்கையில் நிறையக் காத்திருந்திருக்கிறேன், காய்ச்சல் இறங்க, மயக்கம் தெளிய, சிறுநீர் பிரிய. இவ்வளவு சின்ன விஷயத்துக்காக இவ்வளவு கனமாகக் காத்திருந்ததில்லை. வாத்தியார் கதையில் சண்டை முற்றியது. இடது கை அசையாமல் கிடந்தது. வாத்தியாரின் மனைவி கதைக்குள் வந்தாள். கை கிடந்தது. கடித்த இடத்தில் ஒரு சிறு தடிப்பு எழும்புவதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். தம்பியும் பார்த்தான். அவன் கன்னத்தில் ஒரு கொசு உட்கார்ந்து சாவகாசமாகக் குடித்துக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

"...கடைசியில அந்தம்மாதான் சொல்லுது, ஏங்க, தையக்காரரை ஏன் திட்டுறீங்க, உங்க வயிறு காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு..."

எங்கள் வீட்டுக்காரரின் வலது கை வாத்தியாரை விட்டு இறங்கியது. மடியைத் தாண்டிப் போனது. அவர் கண் தம்பி மனைவி மேல்தான் இருந்தது. வாய் கதை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கை தானாகப் போய், சுண்டு விரலுக்குக் கீழே, சரியாக அந்தத் தடிப்பின் மேலேயே சொறிந்தது. ஒரு தடவை. பிறகு மறுபடியும், நன்றாக, நகத்தால்.

தம்பியின் கையைப் பிடித்திருந்த என் பிடி தளர்ந்தது.

"என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றார். "சிரிக்க வேண்டிய இடம் இதுதானே?"

"என்ன சொறியுறீங்க?" என்று கேட்டேன்.

"என்னமோ நமநமன்னு அரிக்குது" என்றவர் அப்போதுதான் குனிந்து தன் கையைப் பார்த்தார். வலது கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். அதன் நகங்களுக்குக் கீழே இருப்பது எந்தக் கை என்று பார்த்தார். வாத்தியாரின் கால்சட்டை அந்தரத்தில் நின்றுபோனது.

"நெசமாவா?" என்றார் மெல்ல, என்னிடம் இல்லை, கையிடம்.

நான் அழவில்லை. அழுதால் அவரும் அழுவார், அவர் அழுதால் தம்பி அழுவான், அப்புறம் அவனைத் தேற்றவே பொழுது போய்விடும். மின்விசிறியைப் போட்டேன். எண்ணெயை எடுத்து அந்தக் கையில் தேய்த்தேன். அனுமதித்தது ஒரு கடி. இரண்டாவதுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. அடுத்த சில நாள் அவர் உடம்பு சூட்டையும் விடாமல் பார்த்து வந்தேன். காய்ச்சல் எதுவும் வரவில்லை.

ஊர் திரும்பியதும் உடற்பயிற்சிப் பெண் வந்தாள். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சை எடுத்தாள். தொடுமுன்பே "தெரியுது" என்றார் எங்கள் வீட்டுக்காரர். பிறவிக் குணம். நான் ஏரிக்கரையில் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, அவர் கையை ஒரு துணிக்கு அடியில் வைத்து வேறு விதமாக, நிதானமாகச் சோதித்தாள். சுண்டு விரல் பக்கம் மட்டும் இருக்கிறது, மற்ற இடம் இன்னும் இல்லை, ஆனால் இது போதும், கையை விடப் போவதில்லை என்றாள். இப்போது மடியில் ஒரு ரப்பர் பந்து கிடக்கிறது. தினமும் அதோடு சண்டை. பொத்தான் இன்னும் என் வேலைதான். கீழ்ப் பொத்தானை மட்டும் தானே போட்டுக்கொள்கிறேன் என்று அடம்பிடித்து, போடுவதற்குள் காலை உணவு ஆறிப்போகிறது. ஆறட்டும்.

என் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திருந்தினானா? நல்ல கேள்வி. இப்போது சொந்தக்காரர் வீடு எதற்குப் போனாலும் இந்தக் கதையைச் சொல்கிறான். அவன் சொல்லும் கதையில் நான் இல்லை, அவன் மனைவி இல்லை. ஏரிக்கரை, அத்தான், கொசு, அவன். "எல்லாரும் அடி அடின்னு துடிக்கிறாங்க. நான்தான், அசையாதீங்க, அது குடிக்கட்டும்னு விட்டேன். நான் மட்டும் அன்னைக்குக் கையைக் கட்டுப்படுத்தாம இருந்திருந்தா?" என்று நிறுத்தி, கேட்கிறவர்களின் முகத்தைக் கூர்ந்து பார்க்கிறான். அவர்கள் நெகிழ்ந்து போகிறார்கள். அப்படி நெகிழ்ந்து நின்ற ஒரு சித்தப்பாவின் நெற்றியில் போன வாரம்தான் விழுந்தது ஒன்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்படி ஒரு ஆளை எனக்கும் தெரியும் என்று பக்கத்து வீட்டுக்காரரையோ மச்சினனையோ நினைத்துக்கொள்கிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த விடுமுறையில், புல்தரையில், வேண்டிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் சொல்வதில் பாதி காதில் விழாமல் போய், அவருடைய கழுத்து மட்டும் உங்களுக்குத் துல்லியமாகத் தெரிய ஆரம்பித்தால் கொஞ்சம் ஜாக்கிரதை. அவருக்கு உதவுகிறேன் என்று தோன்றும். அன்பு என்று தோன்றும். அடிப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அரிக்குதா?" பதில் வரும்வரை பொறுங்கள்.

பொறுக்க முடியவில்லையா? அப்படியானால் குனிந்து முதலில் உங்கள் கணுக்காலைப் பாருங்கள்.